இரண்டாயிரம் அடி

நமது சினிமா சரித்திரங்களில் பெண்கள் எல்லோருமே முதல்வர்கள்தான். டி. பி. ராஜலக்ஷ்மி முதல் பெண் டைரக்டர். ஒரே கதையை ஒரே சமயத்தில் மூன்று மொழிகளில் டைரக்ட் செய்த முதல் பெண் பானுமதி. தொழில்நுட்ப வேலைகளுக்கும் பெரும்பாலும் பெண்களையே வைத்துக்கொண்டு படமெடுத்த முதல் பெண் சாவித்திரி. ஒளிப்பதிவு செய்த முதல் பெண் பி. ஆர். விஜயலக்ஷ்மி. மிஸ் கமலா 1936, சண்டிராணி 1953, தெலுங்கில் சின்னாரி பாப்பலு 1968, சின்ன வீடு 1985. பதினேழு, பதினைந்து, பதினேழு வருஷ இடைவெளிகள். இந்த இடைவெளிகளில் வேறு பெண்கள் படமெடுக்காமல் இல்லை. விஜய நிர்மலா தெலுங்கில் நாற்பதுக்கு மேல் எடுத்துத் தள்ளினார். லக்ஷ்மி 1980ல் மழலைப் பட்டாளம் எடுத்தார். ஆனால் இரண்டாமவர் யார், முதலாமவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார், எதை வேண்டாமென்று தள்ளினார் என்ற கேள்வி நமக்கு எழுவதில்லை. வரிசை என்று ஒன்று இல்லாத இடத்தில் வருகிற ஒவ்வொருவரும் முதல் ஆள்தான். இது மரியாதைபோலத் தோன்றும். மறதிக்கு நாம் வைத்திருக்கும் கௌரவமான பெயர் இது என்பதுதான் என் அபிப்பிராயம்.

பெண்கள் எடுத்த குறும்படங்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு மாலையோ, இரண்டு மூன்று நாட்களோ காட்டும் ஏற்பாடுகள் இப்போது சகஜமாகியிருக்கின்றன. மார்ச் மாதம் பிறந்தால் கொஞ்சம் அதிகமாகவே. நம் வட்டாரத்தில் இதுபற்றி இரண்டு முணுமுணுப்புகள் உண்டு. படம் படமாக இருந்தால் போதாதா, எடுத்தது ஆணா பெண்ணா என்று பார்த்து டிக்கெட் கிழிக்க வேண்டுமா என்பது ஒன்று. குறும்படம் என்பதே பெரிய படத்துக்கு ஒத்திகைதானே, ஒத்திகைக்கு விழா எதற்கு என்பது இன்னொன்று. முந்நூறு பிரதி அச்சடித்து, அதையும் பாதி இலவசமாகக் கொடுக்கிற சிறு பத்திரிகைக்காரர்கள் இரண்டாவதைச் சொல்வதுதான் வேடிக்கை. சிறு பத்திரிகை பெரிய பத்திரிகைக்கு ஒத்திகை என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படிக் கோபம் வரும்! இரண்டு முணுமுணுப்புகளுக்கும் பதில் வாதத்தில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது.

குறும்படம் நமக்கு எப்படி அறிமுகமாயிற்று என்பதிலிருந்து தொடங்கலாம். அது தண்டனையாக அறிமுகமாயிற்று. 1948ல் பிலிம்ஸ் டிவிஷன் ஏற்பட்டது. கொட்டகை லைசென்ஸில் ஒரு நிபந்தனை: அரசாங்கம் அங்கீகரித்த படங்களை ஒவ்வொரு காட்சியின் ஆரம்பத்திலும் காட்டியாக வேண்டும், இரண்டாயிரம் அடிக்குக் குறையாமல். முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிம் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆக, சுமார் இருபத்திரண்டு நிமிஷம். இந்தப் படங்களுக்குக் கொட்டகைக்காரர்தான் வாடகையும் கட்ட வேண்டும். தஞ்சாவூரில் நிரந்தரக் கொட்டகை வைத்திருந்த சேஷாத்ரி என்பவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1954ல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காரணம் சுவாரஸ்யமானது. குறைந்தது இரண்டாயிரம் அடி என்று சொன்னீர்கள், அதிகபட்சம் எவ்வளவு என்று சொல்லவில்லையே, நாளைக்குப் பத்தாயிரம் அடி காட்டு என்றால் அந்த மனுஷன் என்ன செய்வான் என்பதுபோன்ற நியாயம். அப்புறம் விதியின் வாசகம் மாறியது, கட்டாயம் மாறவில்லை. ஜனங்களும் தங்கள் தீர்ப்பை வேறு விதத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அணைக்கட்டும் வெள்ள நிவாரணமும் ஓடும்போது வெளியே நின்று பீடி குடித்தார்கள். மெயின் படம் போட்டாச்சா என்று விசாரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பேர் குறும்படம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது ஒன்றுதான். அதிலேயே குறும்படத்தின் பெயர் கெட்டுப்போயிற்று.

இதற்கு நேர் எதிரான இடம் பிலிம் சொசைட்டி. அங்கே யாரையும் கட்டாயப்படுத்தி உட்கார வைக்கவில்லை, சந்தா கட்டி வந்தார்கள். பிலிம் சொசைட்டி இயக்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் சத்யஜித் ரேயைச் சொல்வோம், சிதானந்த தாஸ்குப்தாவைச் சொல்வோம். 1959ல் பிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பு உருவானபோது ரே தலைவர்; உபதலைவர் சென்னையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன். அரசியல் நிர்ணய சபையில் சென்னையிலிருந்து உட்கார்ந்தவர், கேப்டன் லக்ஷ்மியின் தாயார் என்றெல்லாம் அவரைத் தெரிந்திருக்கிறது. சினிமாவைக் காட்டுவதற்கு இடம் ஏற்படுத்தியவர் என்று தெரியவில்லை. அதே கூட்டமைப்பின் இணைச் செயலாளர்களில் ஒருவர் விஜயா மூலே. பாட்னாவிலும் டில்லியிலும் சொசைட்டிகள் நடத்திய கைகளோடு அவரே படமும் எடுத்தார். 1967ல் ஹூக்ளி நதியில் கடலலை எதிரேறி வருவதைப் பற்றி ஒரு படம். 1974ல் ஏக் அனேக் ஔர் ஏக்தா, ஏழு நிமிஷக் கார்ட்டூன். ஹிந்தி வேண்டாம் என்ற வீட்டுப் பிள்ளைகள்கூட அந்தப் பாட்டை தூர்தர்ஷனில் கேட்டு முணுமுணுத்திருக்கிறார்கள். எடுத்தது யார் என்று கேட்டால் தெரியாது. விஜயா மூலே 2019ல் தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார்.

காட்டுகிற இடத்துக்கும் எடுக்கப்படுகிற படத்துக்கும் உள்ள உறவை நமது விமர்சனம் கவனிப்பதேயில்லை. கவிதை அச்சாகிற பத்திரிகை எது என்று பார்ப்போம். படம் காட்டப்பட்ட அறை எது என்று பார்க்க மாட்டோம். 1972ல் எடின்பரோவிலும் நியூயார்க்கிலும் பெண்கள் எடுத்த படங்களுக்கென்றே தனி விழாக்கள் நடந்தன. எடின்பரோவில் ஏற்பாடு செய்தவர்களில் லாரா மல்வியும் கிளேர் ஜான்ஸ்டனும் இருந்தார்கள். மூன்று வருஷங்களுக்குப் பிறகு மல்வி எழுதிய, சினிமாவில் ஆண் பார்வையைப் பற்றிய கட்டுரையைத்தான் நாம் மேற்கோளுக்கு எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் அவர் ப்ரொஜக்டர் இருந்த அறையில் உட்கார்ந்து வரிசையாகப் படங்கள் பார்த்ததை விட்டுவிடுகிறோம். ஹாலிவுட்டில் 1927லிருந்து 1943 வரை டைரக்ட் செய்துகொண்டிருந்த டாரதி ஆர்ஸ்னர் அந்த வருஷங்களில்தான் மறுபடி பார்க்கப்பட்டார். அதுவரை அவரும் ஒரு 'முதல்' அல்லது 'ஒரே'. பக்கத்தில் வேறு பெண்களின் படங்கள் வந்து நின்ற பிறகுதான் அவர் ஒரு வரிசையில் ஒருவர் ஆனார், அவரைப் பற்றி விமர்சனம் என்று ஒன்று சாத்தியமாயிற்று. பிரான்ஸில் 1979ல் ஆரம்பித்த பெண்கள் விழா 1985ல் பாரீஸின் புறநகரான க்ரேத்தேய்க்குப் போய் அங்கேயே ஊன்றிக்கொண்டது. புறநகர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கோ முதல் படமே இல்லை. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வந்து, குழந்தைக் கல்யாணம் ஒன்றைத் தாண்டி, நாடக மேடைக்கும் பிறகு 1931ல் காளிதாஸுக்கும் போன ராஜலக்ஷ்மி, தன் நாவலையே மிஸ் கமலாவாக எடுத்தார். கதை, தயாரிப்பு, டைரக்ஷன், நடிப்பு எல்லாம் அவரே. இன்று அந்தப் படம் பார்க்கக் கிடைப்பதில்லை. கமலாவின் பாத்திரத்தில் அவர் எப்படி நின்றார், காமிராவை எங்கே வைத்தார், ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நின்றது என்று ஒன்றுமே பேச முடியாது. அவரது துணிச்சலைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். துணிச்சலைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது? அவர் இறந்தது 1964ல். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டதும் அதே வருஷம்தான்.

1980ல் பெங்களூரில் நாலு பேர் சேர்ந்து யுகாந்தர் என்றொரு குழு ஆரம்பித்தார்கள். தீபா தன்ராஜ், ஆபா பையா, மீரா ராவ் என்ற மூன்று பெண்கள். காமிராவுக்கு நவ்ரோஸ் கான்ட்ராக்டர். மூன்று வருஷங்களில் நாலு படம். பூனாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து சங்கம் அமைத்ததைப் பற்றி மோல்கரீண். நிப்பாணியின் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி ஒன்று. இமயமலைப் பக்கத்தில் மரங்களைக் காப்பாற்றிய சிப்கோ பெண் ஒருத்தியைப் பற்றி ஸுதேஷா. நாலாவது, ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனாவோடு சேர்ந்து தெலுங்கில் எடுத்த இதி கத மாத்ரமேனா, அதாவது இது வெறும் கதைதானா? ஒவ்வொன்றும் இருபத்தைந்து, முப்பது நிமிஷம். பழைய இரண்டாயிரம் அடியைச் சற்றே தாண்டிய நீளம் என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

தெலுங்குப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் அடிபடுகிற ஒரு பெண்ணின் கதை. சங்கத்துப் பெண்கள் தங்கள் அனுபவங்களைச் சொல்லச் சொல்ல அதிலிருந்து காட்சிகள் உருவாயின. எழுதி வைத்த வசனத்தை ஒப்பிக்கவில்லை. இது டாக்குமெண்டரி அல்ல. ஆனால் கதைப்படமும் அல்ல. அடி என்பது அதில் உச்சக்கட்டமாக வருவதில்லை. அடிக்கு முந்தின நாளும் பிந்தின நாளும், அந்த நாட்களின் சோர்வும்தான் படம். தமிழ் வியாபார சினிமாவில் அதே வருஷங்களில் கணவனிடம் அறை வாங்கிய பெண் புத்தி தெளிந்து காலில் விழுந்துகொண்டிருந்தாள் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டால் இந்தச் சோர்வைப் படமாக்கியதன் அர்த்தம் விளங்கும். படங்களை அவர்களே தூக்கிக்கொண்டு போய் சங்கங்களிலும் கிராமங்களிலும் காட்டினார்கள். படம் முடிந்தபிறகு நடந்த பேச்சும் படத்தின் பகுதி என்றே நினைத்தார்கள். இந்த நாலு படங்களையும் பின்னால் மீட்டெடுத்துப் பழையபடி பார்க்கும்படி ஆக்கியது பெர்லினில் இருக்கும் ஆர்ஸனல் ஸ்தாபனம். ஹைதராபாத் பெண்களின் சோர்வு பெர்லினில் பத்திரமாக இருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். நமக்கு வெட்கமாகவும் இருக்கலாம், தவறில்லை.

தமிழில் ஒரு பெண்ணின் குறும்படங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது 1991ல், சுஹாசினி தூர்தர்ஷனுக்கு எடுத்த பெண் தொடரில். வாராவாரம் ஒரு தனிக் கதை, ஒரு தனி நடிகை. அதைத் தொடர் என்று சொன்னது தொலைக்காட்சியின் பழக்கம். உண்மையில் அது ஒரே டைரக்டரின் குறும்படத் தொகுப்பு. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தவர் என்பதால் வெளிச்சம் பற்றிய பிரக்ஞை அவருக்கு இருந்தது. நமது சிறு பத்திரிகைகள் இதைக் கவனித்துப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. தொலைக்காட்சி என்றதும் நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அப்படித் திருப்பிக்கொண்டதில் நம் ரசனைக்கு ஒரு லாபமும் இல்லை. மத்தியதர வர்க்கத்துப் பெண்ணின் சமையலறையும் கல்யாணப் பேச்சும்தானே என்று ஒரு இளக்காரம். அந்தச் சமையலறையைப் பற்றி அம்பை எழுதியபோது அது இலக்கியம் என்று நமக்குத் தெரிந்திருந்தது.

இனி கவிஞர்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இது நெருக்கமான விஷயம். ஈரானில் ஃபரூக் ஃபரோக்ஸாத் என்ற பெண் கவி இருந்தாள். 1962ல் தப்ரீஸ் அருகே ஒரு தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போய்ப் பன்னிரண்டு நாட்களில் ஒரு படம் எடுத்தாள். வீடு கருப்பாயிருக்கிறது என்பது பெயர். இருபத்திரண்டு நிமிஷம். கண்ணாடி பார்க்கும் ஒரு பெண்ணின் முகத்தில் தொடங்குகிறது. குழந்தைகள் வகுப்பில் உட்கார்ந்து, தங்களுக்குக் கண்ணும் கையும் கொடுத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் பாடத்தை வாசிக்கிறார்கள். கேலி இல்லை, கண்ணீர் இல்லை. வைத்தியத்தைப் பற்றிச் செய்தி சொல்லும் ஒரு ஆண் குரல், அதற்குப் பக்கத்தில் கவியின் சொந்தக் குரல். கடைசியில் வீடு என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார் ஆசிரியர். பலகைக்கு முன்னால் நின்று ஒருவன் யோசிக்கிறான். அடுத்த வருஷம் ஓபர்ஹௌஸன் விழாவில் பரிசு கிடைத்தது. 1967ல் கார் விபத்தில் அவள் இறந்தபோது வயது முப்பத்திரண்டு. எடுத்த படம் அந்த ஒன்றுதான் என்று சொல்லலாம். ஈரானிய சினிமாவின் பின்னாளைய பெரிய பெயர்கள் பலரும் அந்த ஒன்றுக்குக் கடன்பட்டவர்கள். இருபத்திரண்டு நிமிஷம் ஒத்திகையாக இருந்தால் இது நடந்திருக்காது. அதற்கு நாலு வருஷம் முன்னால், 1958ல், பாரீஸில் ஆக்னெஸ் வார்தா கர்ப்பமாயிருந்த நாட்களில் ஒரு காய்கறிச் சந்தைத் தெருவைப் படமெடுத்தது இதைவிடக் குறைந்த நீளத்தில்தான். பசி, கிழடு, குடி, வயிற்றில் வளர்கிற குழந்தை எல்லாம் ஒரே பார்வையில் வந்து விழுகின்றன. பெண் எடுத்தால் வேறு என்ன தெரிந்துவிடும் என்று கேட்கிறவர்களிடம் இந்த ஒரு படத்தைக் காட்டலாம். அந்த மாதத்தில் அந்தத் தெருவை அப்படிப் பார்க்க வேறு யாராலும் முடிந்திராது.

தமிழில் ஒரு கவி காமிராவைத் தூக்கியது 2002ல். லீனா மணிமேகலையின் மாத்தம்மா, இருபது நிமிஷம். அரக்கோணம் அருகே ஒரு கிராமத்தில் அருந்ததியர் சமூகத்துப் பெண் குழந்தைகளை, நோய் வந்தால், மாத்தம்மா தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம். அப்படி விடப்பட்டவளுக்குக் கல்யாணம் கிடையாது. ஊருக்கு உரியவள் என்று ஆகிவிடும். நடந்ததையும் நடித்துக் காட்டியதையும் கலந்து எடுத்த படம். முதல் படத்தின் அவசரம் அதில் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் 2003ல் பறை, 2008ல் தேவதைகள் என்று அவர் தொடர்ந்து போனதைச் சேர்த்துப் பார்க்கும்போது மாத்தம்மாவில் என்ன தொடங்கியது என்று தெரிகிறது. தேவதைகளில் ஒப்பாரி பாடுகிறவளும், கடலுக்குப் போகிறவளும், பிணம் புதைக்கிறவளும் பரிதாபத்துக்கு ஆளாக நிறுத்தப்படவில்லை. அந்தந்த வேலையின் எஜமானிகளாக இருக்கிறார்கள். மும்பை விழாவில் அதற்குத் தங்கச் சங்கு கிடைத்தது. இலங்கையில் சுமதி சிவமோகனும் கவிதையிலிருந்தும் நாடகத்திலிருந்தும்தான் படத்துக்கு வந்தார். மலையகத்தைப் பற்றிய இங்கிருந்து 2013ல். இங்கே குட்டி ரேவதியும் உண்டு. கவிதைக்கும் குறும்படத்துக்கும் இடையில் என்னவோ ஒரு சொந்தம் இருக்கிறது. நேரம் குறைவாயிருப்பது மட்டுமில்லை. ஒரு பிம்பத்தை விளக்காமல் விட்டுவிடும் உரிமை.

மாத்தம்மாவுக்குத் திரும்புகிறேன். அம்பத்தூரிலிருந்து அரக்கோணம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் என்று ஒரே ரயில் பாதை. 2017ல் தேசிய மனித உரிமைக் கமிஷன் இந்த வழக்கத்தைப் பற்றித் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதில் பேசப்பட்டது திருவள்ளூர் மாவட்டம். அப்போது அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அதே மாவட்டம். அம்பத்தூர் தாலுகா சென்னை மாவட்டத்துக்கு மாறியது அடுத்த வருஷம்தான். அதாவது 1955ல் காங்கிரஸ் மகாசபை கூடி சோஷலிஸ பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஆவடியின் மாவட்டத்தில், டாங்கி செய்கிற தொழிற்சாலை வந்து அரை நூற்றாண்டு தாண்டிய பிறகும் குழந்தைகள் பொட்டுக்கட்டி விடப்படுகிறார்கள் என்று டில்லியிலிருந்து கடிதம் வருகிறது. பத்திரிகைகள் திடுக்கிட்டன. பதினைந்து வருஷம் முன்னால் எடுத்த இருபது நிமிஷப் படம் ஒன்று இருந்தது. அதற்கு டிக்கெட் கொடுத்து உள்ளே விடும் வழக்கம் ராக்கியிலும் இல்லை, எந்தத் தியேட்டரிலும் இல்லை. இருபது நிமிஷத்துக்கு நமது வியாபாரத்தில் விலை கிடையாது. ஒரு காலத்தில் சட்டம் போட்டு இரண்டாயிரம் அடி காட்டினோம். அந்த இரண்டாயிரம் அடியில் அரசாங்கத்தைத் தவிர வேறு யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

அரசாங்கம் இடம் கொடுக்காததோடு நிற்கவும் இல்லை. 2004ல் மும்பை டாக்குமெண்டரி விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் சென்சார் சர்ட்டிபிகேட்டோடு வரவேண்டும் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வேண்டாத படங்களைத் தேர்வுக் குழுவில் கழித்துக் கட்டினார்கள். கழிபட்ட படங்களை எடுத்தவர்கள் பக்கத்திலேயே விகல்ப் என்று தனி விழா நடத்தினார்கள். மதுரையில் 1998லிருந்து அமுதனின் மறுபக்கம் இந்த வேலையைச் சொந்த பலத்தில் செய்துகொண்டு வந்திருக்கிறது. டில்லியில் 2005லிருந்து வானொலி, தொலைக்காட்சிப் பெண்கள் சங்கம் ஆசியப் பெண்களின் படங்களுக்கு விழா நடத்தியது. 2017ல் திவ்யபாரதியின் கக்கூஸ் பல ஊர்களில் போலீஸால் தடுக்கப்பட்டு யூட்யூப்புக்குப் போயிற்று. அது குறும்படம் அல்ல. அறை மறுக்கப்பட்ட படம் எங்கே போகும் என்பதற்கு உதாரணம். இன்னொரு உதாரணம் 2022ல் லீனாவின் காளி. படத்தைப் பார்த்தவர்கள் டொராண்டோவில் ஒரு மியூஸியத்தில் கூடியிருந்த கொஞ்சப் பேர். போஸ்டரைப் பார்த்து வழக்குப் போட்டவர்கள் பல மாநிலங்களில். போஸ்டருக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை.

இப்போது முதல் முணுமுணுப்புக்கு வரலாம். பெண்கள் படம் என்று தனியாகக் காட்டுவது கூண்டில் அடைப்பதாகாதா? ஆகலாம். நடத்துகிற விதத்தைப் பொறுத்தது. தலைமையுரை, வாழ்த்துரை, குத்துவிளக்கு எல்லாம் முடிந்து எட்டுப் படங்களை மூச்சுவிடாமல் ஓட்டி, பெண்களின் பிரச்சனைகள் நன்றாகச் சித்தரிக்கப்பட்டிருந்தன என்று சொல்லி அனுப்பினால் அது கூண்டுதான். அங்கே படங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. கவிதைத் தொகுப்பில் எதற்குப் பின் எது என்று நாம் எவ்வளவு சண்டை போடுகிறோம்! அந்தச் சண்டை இங்கே நடப்பதில்லை. மோல்கரீணுக்குப் பக்கத்தில் சுஹாசினியின் ஒரு கதையைப் போட்டால், வேலைக்காரியும் எஜமானியும் ஒரே சமையலறையை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பது தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. ஹலிதா ஷமீமின் சில்லுக் கருப்பட்டியில் குப்பை பொறுக்கும் பையனுக்கும், வசதியான வீட்டுச் சிறுமியின் பைக்கும் உள்ள தூரத்தை யுகாந்தரோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2019ல் வந்த அந்தப் படம் நாலு குறும்படங்களின் தொகுப்புத்தான். தியேட்டர்காரர் கேட்கிற நீளத்துக்கு அவற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் தொற்றுநோய்க் காலத்தில் இணையக் கம்பெனிகள் இப்படிக் கட்டப்பட்ட குறும்படங்களை வாங்க ஆரம்பித்தன. சுதா கொங்கரா, சுஹாசினி என்று பெயர்கள் வந்தன. எனக்கு அவற்றில் பலதும் வழவழப்பாகத் தோன்றின. என்றாலும் பெண் டைரக்டர்கள் இரண்டு பேர் ஒரே தலைப்பின் கீழ் வந்தது நமது சரித்திரத்தில் புதிது. முதல் பெண் என்று யாரையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பூந்தமல்லிப் பக்கத்தில் ஸ்டூடியோக்களுக்குக் குறைவில்லை. செம்பரம்பாக்கத்து ஈவிபி பிலிம் சிட்டியில் மாளிகையும் தெருவும் போட்டுப் பிரிக்கிறார்கள். பிக் பாஸ் வீடும் அங்கேதான் கட்டினார்கள். 2020 பிப்ரவரியில் ஒரு பெரிய படத்தின் படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்ததும் அங்கேதான். 2024 ஆரம்பத்தில் பூந்தமல்லியில் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமையும் என்று முதலமைச்சர் அறிவித்தார். எடுப்பதற்கு இடம் நிறைய இருக்கிறது. ஐம்பது பேர் உட்கார்ந்து இருபது நிமிஷப் படம் பார்த்துவிட்டுப் பேசுவதற்கு அம்பத்தூரில் கல்யாண மண்டபத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கும், அதுவும் முகூர்த்தமில்லாத நாளில்.

அப்படி ஒரு நாள் கிடைத்தால் எதைக் காட்டலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. எஸ்டேட்டில் துணி தைக்கும் கம்பெனிகளிலிருந்து பெண்கள் ஷிப்ட் முடிந்து வருவதற்கு ஏழரை ஆகிவிடும்; அண்ணா நகர் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் அதற்குள் திரும்பியிருப்பார்கள். எட்டு மணிக்கு மோல்கரீண், இருபத்தைந்து நிமிஷம். அடுத்தது இதி கத மாத்ரமேனா, அதுவும் இருபத்தைந்து. தெலுங்கு இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பேசுகிற பாஷைதான். பிறகு ஃபரோக்ஸாத், இருபத்திரண்டு. இதற்கு யாராவது கூடவே உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும், கவிஞராயிருந்தால் நல்லது. கடைசியில் மாத்தம்மா, இருபது. மொத்தம் தொண்ணூற்றிரண்டு நிமிஷம், ஒன்பதரை தாண்டி இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அரக்கோணம் பக்கம் போகிறவர்களுக்கு அதற்குப் பிறகும் ரயில் இருக்கிறது.